சுட்ட நுனி

உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு ஆகாது. ஓரிடத்தில் பத்து நிமிஷம் இருந்தால் கால் தானாக எழுந்து நடக்கும். அப்படிப்பட்ட நான் ஒரு மாதம் தரையில் சப்பணமிட்டு மெத்தை தைத்தேன். என் மகளுக்கு.

மனைவி பிரசவத்துக்கு ஆரம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் குழந்தையோடு வருவதாகப் பேச்சு. அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன் பிடிக்கப் போனால் தோணி ஏரியில் இருக்கும், மனசு பஸ்ஸேறிப் போய்விடும். கைக்காவது வேலை கொடுப்போம் என்று அவளுடைய பழைய நூல் புடவைகள் இரண்டை எடுத்து, நடுவே நைந்த போர்வையை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தேன். பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதானே நல்லது.

நூல் முடிகிற இடமெல்லாம் முடிச்சுப் போட்டு, ஒட்ட நறுக்கி, லைட்டரைக் காட்டினேன். வலையில் அப்படித்தான் செய்வோம். நைலான் முடிச்சு வழுக்கும். நுனியைச் சுட்டுவிட்டால் அசையாது. டெய்லர் கடை நூலும் உருகுகிற ஜாதியாக இருந்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடலே இழுத்தாலும் பிரியாது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். மூன்று மாதக் குழந்தையின் மெத்தையைக் கடல் எதற்கு இழுக்கப்போகிறது?

வந்தார்கள். குழந்தையை மெத்தையில் கிடத்தினோம். வீல் என்று கத்தினாள். தூக்கினால் அடங்குவாள், கிடத்தினால் கத்துவாள். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் காலையில் மனைவி பையில் துணியை அடுக்கினாள்.

"இந்த வூடு இவளுக்கு ஒத்துக்கல. இன்னிக்கும் தூங்கலன்னா சாயந்தரம் பஸ்ஸுக்கு அம்மா வூட்டுக்கே போய்ட்றேன்."

அவள் குழந்தையைத் தூக்கியபோது அதன் கன்னத்தில் சிவப்பாக ஒரு கீறல். மெத்தை மேல் தன் முழங்கையின் உட்பக்கத்தை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, நொய்யரிசி கொட்டி வெச்சாப்ல குத்துது?"

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் நுனியில் உருகிக் கருகிய மணியை நறுக்கி, கடைசித் தையலைப் பிரித்தால் அரை விரல் நூல் மிஞ்சியது. அப்படியே விட்டால் தையல் அவிழும். உள்ளே செருகலாம் என்றால் ஊசி நூலைவிட நீளம். கோத்தால் குத்த முடியாது. மெத்தையை உதறிவிட்டு ஏரிக்கரையைப் பார்த்து நடந்தேன். பாதியில் திரும்பினேன். வாசலில் அந்தப் பை இருந்தது.

ஆத்திரத்தில் வெறும் ஊசியை மெத்தையில் குத்தினேன். ஊசி பக்கத்துத் தையலுக்கு அடியில் புகுந்து போர்வைக்குள் இறங்கிவிட்டது. காது மட்டும் வெளியே, நூல் நுனிக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்தக் காதில் அரை விரல் நூல் தாராளமாக நுழைந்தது. ஊசியை மறுபக்கம் இழுத்தேன். நூல் நுனி தையலில் மாட்டிக்கொண்டு போர்வைக்குள் ஒளிந்துவிட்டது. ஊசியை முதலில் குத்து, நூலை அப்புறம் கோத்துக்கொள்: இவ்வளவுதான் சங்கதி. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கடைசி நுனியையும் மறைத்தபின் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். என் தாடிக்கு என்ன தெரியும்? அவள் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குழந்தையைக் கிடத்தினாள்.

அழவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள், தூங்கிப்போனாள்.

மூன்று மாதம் காத்திருந்தவன் நான். அடக்கமாட்டாமல் அந்தக் கன்னத்தைத் தொட்டேன். முகம் சுளித்துச் சிணுங்கினாள். கையைத் திருப்பிப் பார்த்தேன். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இதை எந்த ஊசியால் எதற்குள் இழுத்து மறைப்பது? லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது.

மனைவி பார்த்துவிட்டாள். மடிப்புக்குள்ளிருந்து என் கையை வெளியே இழுத்துத் திருப்பினாள்.

"பொறங்கையால தொடுய்யா."

தொட்டேன். தூக்கம் கலையவில்லை. தெருமுனையில் சாயந்தர பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கால் மரத்துப் போகும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.