அசனார் காக்கா கண்ட பிறை

போன கிழமை பாலையூற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தபால் கந்தோரில் வேலை. கணவர் சின்னத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். சந்திரன் நன்றாகத் தெரிகிறது; வியாழன் வெறும் பொட்டு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. அடுத்து எதை வாங்கலாம்? இன்னும் பெரிதாகக் காட்டும் கண்வில்லையா, ஆடாத முக்காலியா? "உங்களுக்கு இதில் அனுபவம் உண்டென்று மாமா சொன்னார்."

அனுபவம் உண்டு. பதினெட்டு வருடமாக அதில் ஒரு பாதியை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, பழைய சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். நான் துறைமுகத்தில் கிளாக்கர், எழுத்து வேலை. எனக்கு ஒரு பித்தளைத் தொலைநோக்கி கிடைத்தது. இரண்டு வருடம் அதோடு சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு ஆசை வந்தது. இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும்!

முக்காலி வாங்கு என்றார் மனைவி. கை நடுங்கினால் எல்லாம் நடுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை. பழைய இரும்புக் கடையில் உடைந்த நில அளவைக் கருவி ஒன்றிலிருந்து வலுவான கண்வில்லையைக் கழற்றி வந்து பொருத்தினேன். காசு முடிந்தது.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ, அவ்வளவு சின்னத் துண்டு வானம்தான் உள்ளே தெரியும். எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. ஆகவே குறி பார்க்க, தொலைநோக்கியின் முதுகில் ஒரு வெறும் குழாயைத் திருகாணி போட்டுப் பூட்டினேன். குழாயின் நுனியில் குறுக்காக இரண்டு நூல். நூல்கள் சந்திக்கும் இடத்தில் எது தெரிகிறதோ, அதுதான் கண்வில்லையிலும் தெரிய வேண்டும். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துச் சரி செய்தேன். கந்தோரில் இதைப் பற்றி நான் பேசாத ஆளில்லை.

மூதூர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அசனார் காக்கா, கடலைக் கடந்து மூதூருக்குச் சனம் ஏற்றும் லோஞ்சிப் படகின் சுக்கான் பிடிப்பவர். கடலுக்குள் மறைந்திருக்கும் கல்லெல்லாம் அவருக்குத் தெரியும். நோன்புப் பெருநாள் பிறை பார்க்கக் கரைக்குப் போகிறவர்களில் முதல் ஆள் அவர்தான். அவர் கண்டேன் என்றால் பள்ளிவாசலில் பெரியவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

"கிளாக்கர், உங்கட மெசினை இந்த முறை கொண்டு வாங்களன். எங்கட பிறையையும் ஒருக்காப் பாக்கட்டும்," என்றார் அவரே.

இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் லோஞ்சி ஏறினேன். அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள்; காணாவிட்டால் இன்னொரு நோன்பு. தண்ணீர் படக்கூடாதென்று, அவரே என் தொலைநோக்கியை வாங்கி எஞ்சின் பெட்டியின் மேல் பக்குவமாக வைத்தார். மூதூர் போய்ச் சேரும்வரை எஞ்சின் அதிர்ந்தது. பெட்டியும் அதிர்ந்தது.

கரையில் ஐம்பது பேர் நின்றார்கள். சூரியன் விழுந்து கொஞ்ச நேரத்தில் அசனார் காக்கா கையை நீட்டினார்.

"அந்தா! தனித் தென்னைக்கு மேல, ரெண்டு விரல் உசரத்துல!"

வேறு எவருக்கும் தெரியவில்லை. மேகம் வேறு வந்துகொண்டிருந்தது. நான் கரையிலிருந்த தோணியின் விளிம்பில் தொலைநோக்கியை ஊன்றி, நூல்களை அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, கண்வில்லையில் பார்த்தேன். வெறும் சாம்பல் வானம்.

"இல்லையே, காக்கா."

"வடிவாப் பாருங்க."

பார்த்தேன். இல்லை. இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். இல்லை. "காக்கா, பசியில பிறை தெரியுதாக்கும்!" என்று ஓர் இளந்தாரி சிரித்தான். கடைசியாக அவரே குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது தென்னையின் மேல் மேகம் மூடியிருந்தது.

பள்ளிவாசலில் கேட்டார்கள். "கண்ட மாதிரித்தான் இருந்த... உறுதியாச் சொல்ல ஏலாது," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததில்லையாம். வேறு ஊர்களிலிருந்தும் செய்தியில்லை. முப்பது நோன்பாகப் பூர்த்தி செய்தார்கள்.

அடுத்த நாள் காலை, வீட்டு முற்றத்தில் நின்று கலங்கரை விளக்கத்தைக் குறி பார்த்தேன். நூல்கள் அதன் உச்சியில் நின்றன. கண்வில்லையில் கலங்கரை விளக்கத்தையே காணோம்! வெறும் வானம். திருகாணி தளர்ந்து குழாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது. முந்தின நாள் நான் பார்த்தது, அவர் காட்டிய இடமே அல்ல.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? போகவில்லை. கந்தோரில் அவ்வளவு பேசிவிட்டேனே... அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை லோஞ்சியில் வேறொருவர் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். அசனார் காக்கா பயணிகளுக்கு ரிக்கற் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன காக்கா, இஞ்ச?"

"கண்ணு பிழைச்சிட்டு, கிளாக்கர். இல்லாதது தெரியுது. இவ்வளவு சனத்தை ஏத்திக்கொண்டு நான் எப்பிடி ஓட்டுற? நானேதான் சுக்கானை விட்டனான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ரிக்கற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அதன் பிறகு மூதூருக்கு வேலையிருந்தால் தரைவழியே சுற்றிப் போனேன்.

பாலையூற்றுக் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. மூன்றாம் நாள் லோஞ்சி ஏறினேன்.

அசனார் காக்கா மூதூரில் வீட்டோடு இருந்தார்; அவருக்கு இப்போது உண்மையாகவே இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். நான் கதிரையில் இருந்தபடி, திருகாணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். 

"அப்ப நான் கண்டது பிறைதான்?"

"நீங்கள் காட்டிய இடத்தை நான் பார்க்கவேயில்லை, காக்கா. உங்கள் கண்ணில் ஒரு பிழையும் இல்லை."

"தோணி மாதிரி மல்லாந்து கிடந்த. ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் உசந்து," என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்ச வா புள்ள! கிளாக்கர் ஒரு கதை சொல்றார். கேளு," என்றார். என்னிடம், "இன்னொருக்காச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். அவருடைய மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

"சுக்கானை விட்ட அண்டு இந்த மனிசன் சோறு தின்னல்ல. நீங்க அண்டைக்குத் தின்டீங்களா?"

"சாப்பிட்டேன்," என்றேன். 

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அசனார் காக்கா மட்டும் மேற்குப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

பாலையூற்றுத் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்வில்லை வேண்டாம், முக்காலி வாங்குங்கள். என் மனைவி அப்போதே சொன்னதுதான். அதைவிட முக்கியமானது காசில்லாத வேலை. தொலைநோக்கியை எங்கே தூக்கிப் போனாலும், பகல் வெளிச்சத்தில் தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்துக் குறியைச் சரி செய்யுங்கள்.

அப்படியும் ஒன்றும் தெரியவில்லையா? பக்கத்தில் நிற்பவரின் கண்ணைச் சந்தேகிக்க முதல், ஸ்குரூ டிரைவரைத் தேடுங்கள்.