ரேம்ப் ஓரத்துச் சுவர்

"மண்ணு எங்கப்பா? பேஸ்மென்ட்னு போட்டுட்டு சுத்தி மண்ணையே காணோமே. கட்டடம் காத்துலயா நிக்குது?"

மல்லேஸ்வரத்து கட்டட டிசைன் ஆபீஸில் யாருடைய கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாலும் இன்ஜினியர் ஸ்வர்ணாவின் புலம்பல் இதுதான். முதலாளி பத்ரிநாத் மூக்கால் இழுத்து அவளைப் போலவே சொல்லிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, அவர்கள் மறந்த மண்ணின் அழுத்தத்தைச் சுவர்மேல் ஏற்றிவிட்டுத்தான் நகர்வாள்.

லிங்கராஜபுரத்து அடுக்குமாடி வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. பேஸ்மென்ட் சுவரை மண் உள்ளே தள்ளும். தரைத்தள ஸ்லாப் அதன் தலையில் முட்டுக்கொடுத்து நிறுத்தும். கார் இறங்கும் ரேம்ப் பக்கம் ஸ்லாபே இல்லை, சுவர் ஒண்டியாக நின்றது. அதற்கு அந்தப்புறம் கையெட்டும் தூரத்தில், அதே மண்ணின்மேல், பக்கத்து மனை முத்தம்மாவின் தகர ஷீட் வீடு. கம்ப்யூட்டர் மாடலிலோ அங்கேயும் ஸ்லாப் இருப்பதாக யாரோ டிக் போட்டிருந்தார்கள். சுவர் ஜோராகப் பாஸாகியிருந்தது. ஸ்வர்ணா டிக்கை எடுத்தாள். சுவர் ஃபெயில்.

வழியையும் அவளே சொன்னாள். சுவரின் உச்சியில் அகலமான பீம் ஒன்றைப் படுக்கவைத்தால் அந்தத் தள்ளலை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ரேம்புக்குள் ஓர் அடி நீட்டும்.

பில்டர் மஞ்சுநாத் ஆபீசுக்கே வந்துவிட்டார். பெரிய கார்க்காரர்கள்தான் ஃபிளாட் வாங்குகிறார்களாம், பக்கக் கண்ணாடி உரசுமாம். போன சைட்டில் பீமே இல்லாமல் கட்டினாராம், கம்மென்று நிற்கிறதாம். பத்ரிநாத் குரலில் சர்க்கரை போட்டுக்கொண்டு, "ஏம்மா, ஒரு டிக்தானே" என்றார். போடாவிட்டால் ஃபைல் வேறு ஆளிடம் போகும் என்றார்.

தாராளமாகப் போகட்டும், ட்ராயிங்கில் தன் பெயரை எடுத்துவிட்டு பத்ரிநாத்தின் பெயரையே போட்டு அனுப்பட்டும் என்றாள் ஸ்வர்ணா. அந்த ஆபீஸில் கையெழுத்துப் போடும் தகுதி அவர்கள் இரண்டு பேருக்குத்தான். ட்ராயிங்கை அவர் முன்னால் விரித்துப் பேனாவையும் திறந்து வைத்தாள். பத்ரிநாத் சுவரைப் பார்த்தார், முத்தம்மாவின் வீட்டைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

மஞ்சுநாத் விடவில்லை. "ஏன் மேடம், சாஃப்ட்வேரே ஓகேன்னுச்சு, நீங்க மட்டும் பேடா, வேணாங்குறீங்க. கஸ்டமர் கார் கண்ணாடி ஒடஞ்சா நான் என்ன சொல்றது?"

"மடக்கிட்டு எறங்குங்கன்னு சொல்லுங்க சார். கார்க் கண்ணாடி மடங்கும். முத்தம்மா வீட்ட அப்படி மடக்கி வைக்க முடியாது. பீம் வரும், ஓர் அடி நீட்டும், ஒரு இஞ்ச் கொறைக்க மாட்டேன். போய்க் கம்பிய ஆர்டர் பண்ணுங்க."