சனிக்கிழமைக் குளிர்

எந்த வீட்டுக்குப் போனாலும் தோப்ரிலா முதலில் நோயாளியின் பாதத்தைத்தான் தொட்டுப் பார்ப்பாள். புறங்கையை வைத்து, அதுவும் போர்வைக்குள்ளேயே. முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய மாட்டாள். முகம் நடிக்கும், கூட இருக்கும் உறவுக்காரர்கள் இன்னும் நன்றாக நடிப்பார்கள். பாதத்துக்கு நடிக்கத் தெரியாது.

வாலியெவோ நகர ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள். கணவர் போன பிறகு ஆஸ்திரியாவுக்குப் போய், மாதம் விட்டு மாதம் பஸ்ஸில் திரும்பி வந்து, அங்கே உள்ள கிழவர் கிழவிகளைத் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். அந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு வீடு எழுந்தது, அவளுக்கு முதுகுவலி வந்தது. ஊரோடு வந்து சேர்ந்தவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. பக்கவாதம் வந்த திஹோமிரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஏப்ரனை மாட்டிக்கொண்டு நேரே போய் நின்றாள். அவர் வீடு அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

திஹோமிர் தெபெலோ மலைச்சாலையில் பஸ் ஓட்டியவர். இப்போது இடது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு கொஞ்சம் குழறும், ஆனால் ஓயாது. சக்கரம் வைத்த சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கழிவறை வரை தனியாகப் போய்வருவார். காலையிலும் மாலையிலும் தோப்ரிலா வருவாள். இரவில் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் அவள் ஃபோன் அடிக்கும்.

"பொத்தானை அழுத்துங்க அண்ணே, வெட்கப்படாதீங்க."

"உன்னை எழுப்பிவிட்டு உன் திட்டை யார் வாங்குறது சிஸ்டர்? பொத்தானை அமுக்காமலே சாகலாம்."

ஒரே மகள் யஸ்னா ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருக்கிறாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்பது அவளுக்குத் தீராத உறுத்தல். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் ஏதாவது வாங்கி அனுப்புவார்கள். அவள் அந்த இலையுதிர்காலத்தில் அனுப்பியது ஒரு தெர்மோஸ்டாட். பழைய தெர்மோஸ்டாட் இருந்த அதே கம்பியில், கூடத்தின் கிழக்குச் சுவரில், ஓர் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். வெள்ளையாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எப்போது எரிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். கிராஸில் இருந்தபடியே யஸ்னா ஃபோனில் அப்பாவின் வீட்டுச் சூட்டைப் பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

முதல் வாரமே அது மக்கர் செய்தது. காலையில் தோப்ரிலா வந்தபோது வீடு சில்லென்று கிடந்தது. கருவியின் முகத்தில் 'வீட்டில் யாரும் இல்லை' என்று எழுத்து ஓடியது.

"அப்போ நான் யாரு?" என்றார் திஹோமிர், இரண்டு ஸ்வெட்டர் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்து.

தோப்ரிலா யஸ்னாவைக் கூப்பிட்டாள். மாட்டியவனையும் கூப்பிட்டாள். விஷயம் சுலபம்தான். அந்தக் கருவிக்குத் தெரிந்த ஒரே ஃபோன் யஸ்னாவுடையது. அது கிராஸில் இருக்கிறது. ஆகவே வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டார் என்று அது பாய்லரை அணைத்துவிட்டது. யஸ்னா அந்த வசதியை நிறுத்தினாள். இன்னொரு நாள் பேட்டரி தீர்ந்தது. இன்னொரு நாள் வைஃபை அறுந்தது. வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள், சரியாகிவிட்டது. குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி என்று எடுத்துக்கொண்டாள் தோப்ரிலா. ஒவ்வொன்றாக வரும், போகும்.

போகாத ஒன்று மட்டும் இருந்தது. சில இரவுகளில் திஹோமிர் மகளுக்கு ஃபோன் போட்டுக் குளிருகிறது என்பார். யஸ்னா தன் ஃபோனைப் பார்ப்பாள். இருபத்திரண்டு டிகிரி வைத்திருந்தால் இருபத்துநாலு காட்டும்.

"அப்பா, அங்க நல்லா சூடா இருக்குப்பா. நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"நீ அங்கேருந்து பாக்குறே. நான் இங்கேருந்து நடுங்குறேன்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு இரவு அவர் வேறொன்றும் சொன்னார். "நிகோலா வந்திருக்காரு. அவர் வர்ற ராத்திரியெல்லாம் இப்படித்தான் குளிருது."

நிகோலா அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதர். மறுநாள் காலை யஸ்னா தோப்ரிலாவை அழைத்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"அத்தை, அப்பாவுக்குப் புத்தி பிசகுதோ?"

பக்கவாதத்துக்குப் பின் இப்படிப் பேசுகிறவர்களைத் தோப்ரிலா நிறையப் பார்த்திருக்கிறாள். செத்துப்போன மாமியார் அலமாரியில் நிற்கிறாள் என்று சொன்னவர்களுக்குக்கூடச் சோறூட்டியிருக்கிறாள். பாதம் குளிர்ந்திருந்தது உண்மை. ஆனால் வாதம் அடித்த காலில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். அதுவும் இந்தப் புகார் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வருகிறது. சனிக்கிழமைதான் அவள் அவரைக் குளிப்பாட்டுகிறாள். ஈரத்தலையோடு இருக்கும் கிழவருக்குக் குளிராதா?

"இருக்கலாம்," என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்வது அவள் வழக்கமில்லை.

"இங்க பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல இடம் காலியாகுது. ஸ்லாவா திருநாளுக்கு வரும்போது அப்பாவை ஒருதரம் நேர்ல பாத்துட்டு முடிவு பண்றேன். இதே மாதிரி பேசினார்னா கூட்டிட்டுப் போயிடுவேன், அத்தை. வேற வழியில்ல."

தோப்ரிலாவுக்கு அந்த மாதிரி இல்லங்கள் தெரியும். சுத்தமானவை, மோசமில்லை. ஆனால் ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாத மலைச்சாலை டிரைவர் அங்கே யாரிடம் வம்பு பேசுவார்? வம்பு பேசாத திஹோமிர் ஒரு குளிர்காலம்கூடத் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. தொழில்முறைக் கணிப்பு அது. பாசம் என்று அவள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

அதனால் குளிரைத் தேடத் தொடங்கினாள். ஜன்னல் இடுக்கில் எல்லாம் துண்டைச் சுருட்டி அடைத்தாள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால்தான் ஊரில் உள்ள எல்லா நோயும் வருகிறது என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. பாய்லரின் சுடுநீர் ஓடும் ரேடியேட்டரில் அடைபட்டிருந்த காற்றைத் திறந்து விட்டாள். மாட்டியவனை மறுபடி கூப்பிட்டாள்.

"வீடு குளிருது, ஆனா அது சூடுன்னு காட்டுது. ஏன்?"

"அதுமேல எங்கேயிருந்தோ சூடு படுது அம்மா. பக்கத்துல அடுப்பு இருக்கா?"

"இல்ல."

"டிவி? வெயில்?"

தோப்ரிலா ஃபோனைக் காதில் வைத்தபடியே கிழக்குச் சுவரைப் பார்த்தாள். தெர்மோஸ்டாட். அதை ஒட்டினாற்போல் புனிதர் படம். படத்தின் கீழே சின்னத் தட்டு, அதில் சிவப்புக் கண்ணாடிக் குவளை. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, தலையணையில் இருந்தபடியே கண்ணில் படட்டும் என்று அவளே உள்ளறையிலிருந்து எடுத்துவந்து மாட்டியது.

"இங்க அடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. புனிதர் மட்டும்தான் இருக்காரு," என்றாள்.

குடும்பப் புனிதருக்கு எடுக்கும் ஸ்லாவா திருநாள் வந்தது. முந்தின இரவே யஸ்னா வந்துவிட்டாள். திஹோமிர் கட்டிலில் படுத்துக்கொண்டு விருந்தாளிகளைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், தோப்ரிலா அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்தாள். பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டித் திராட்சைரசம் ஊற்றியபோது, வழக்கப்படி திஹோமிரும் வலது கையால் அந்த ரொட்டியைப் பிடித்துச் சுற்றினார். இறைச்சி தொடாத நோன்புக் காலமாதலால் மீனும் பீன்ஸும் எண்ணெயில் செய்த முட்டைக்கோஸ் சுருளும். கூடம் முழுக்க ஆட்கள். அடுப்படிக் கதவு திறந்தே இருந்தது. பகலெல்லாம் குளிர் என்று யாரும் சொல்லவில்லை.

"கிராஸ்ல பஸ் ஓட்டப் போறியாமே, திஹோமிர்?" என்றான் எதிர்வீட்டுக்காரன், மூன்றாவது கோப்பை ரக்கியாச் சாராயத்துக்குப் பிறகு.

"ஆமா. நீ டிக்கெட் கிழிக்க வா. உனக்குத்தான் வேற வேலை தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். யஸ்னா மட்டும் சிரிக்காமல் தட்டுகளை அடுக்கினாள்.

மாலையில் கூட்டம் கலைந்தது. தோப்ரிலா அவரைக் கட்டிலில் சாய்த்தாள். யஸ்னா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குளிருது," என்றார் திஹோமிர்.

யஸ்னா கண்ணை மூடித் திறந்தாள். "அப்பா, இருபத்தஞ்சு காட்டுதுப்பா." ஃபோனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பாருங்க."

"நான்தான் சொன்னேனே. நிகோலா வந்தாருன்னா குளிரும்."

யஸ்னா தலையைத் திருப்பித் தோப்ரிலாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பார்த்தாயா, நான் என்ன செய்ய என்ற பார்வை. அந்தப் பார்வையைச் சந்திக்க விரும்பாமல் தோப்ரிலா புனிதர் படத்தின் பக்கம் போனாள். குவளை விளக்கின் திரி கருகியிருந்தது. அதைத் தூண்டிவிடக் கையைத் தூக்கினாள். புறங்கை தெர்மோஸ்டாட்டின் முகத்தில் உரசியது.

கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"யஸ்னா, இங்க வா. கையைத் திருப்பி வெச்சுப் பாரு."

"என்ன அத்தை?"

"இதுக்குக் காய்ச்சல்."

யஸ்னா வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல இருந்தது. கீழே ஒரு சாண் தள்ளிச் சிவப்புக் கண்ணாடிக்குள் சுடர் ஆடாமல் எரிந்தது. தோப்ரிலா ஜன்னலடிக்குப் போய் ரேடியேட்டரைத் தொட்டாள். கல் மாதிரி கிடந்தது. வெறுங்காலில் நின்ற யஸ்னாவுக்கு அப்போதுதான் தரையின் குளிர் சுருக்கென்று ஏறியிருக்க வேண்டும்; ஒரு காலை எடுத்து மறுகாலின் மேல் வைத்துக்கொண்டாள்.

தோப்ரிலா கட்டிலுக்குத் திரும்பினாள். "அண்ணே, நிகோலா எப்பல்லாம் வருவாரு?"

"உனக்குத் தெரியாதா? நீதானே ஏத்திட்டுப் போறே. சனிக்கிழமை ஏத்துவே, மிலிட்சா செத்த நாள்ல ஏத்தச் சொன்னேன், ஏத்தினே. விளக்கு எரிஞ்சாத்தான் இங்கேருந்து அவர் முகம் தெரியும். இல்லாட்டி வெறும் கறுப்புதான்." மிலிட்சா அவர் மனைவி. "முகம் தெரிஞ்சா குளிரும். எண்ணெய் தீந்தா அவர் போயிடுவாரு, அப்புறம் பாய்லர் உறுமும். இதைத்தான் ஒரு மாசமா சொல்றேன். இன்ஜின் ஓடுதா நின்னுபோச்சான்னு எனக்குத் தெரியாதா?"

யஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தோப்ரிலா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம். தினமும் பாதத்தைத் தொட்டுவிட்டு, அது சொன்னதை நம்பாமல் சுவரில் இருந்த பெட்டியை நம்பியிருக்கிறாள். சனிக்கிழமைதோறும் அவர் ஆசைப்பட்டாரே என்று விளக்கை ஏற்றிவிட்டு, அவரைக் குளிரில் விட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறாள்.

"அணைச்சிடலாம் அத்தை," என்றாள் யஸ்னா.

"ஸ்லாவா அன்னைக்கா? நீ ஆஸ்திரியாவுல ரொம்ப நாள் இருந்துட்டே."

"அணைக்கக் கூடாது," என்றார் திஹோமிரும்.

அதனால் அணைக்கவில்லை. தோப்ரிலா சுத்தியலை எடுத்துவந்தாள். புனிதர் படம் கிழக்குச் சுவரை விட்டு நகரக் கூடாது என்பது வழக்கம், ஆனால் சுவர் நீளமானது. அதன் மறுகோடி கட்டிலின் கால்மாட்டுக்கு அருகே இருந்தது. யஸ்னா எரியும் குவளையை இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்து நின்றாள். படத்தைத் திஹோமிரின் மடியில் வைத்தார்கள். அவர் நல்ல கையால் அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "மேல. இன்னும் மேல. அது வளைஞ்ச ஆணி, வேறே எடு," என்று வேலை வாங்கினார்.

"வாய்க்கு வாதம் வரலையேன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் தோப்ரிலா, வாயில் ஆணியைக் கவ்வியபடி.

படம் ஏறியது, விளக்கு அமர்ந்தது. தெர்மோஸ்டாட்டில் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. இருபத்துநாலு, இருபத்துமூன்று, இருபத்திரண்டு. அதற்கும் கீழே இறங்கிய பிறகு அடுப்படிப் பக்கம் பாய்லர் ஒரு கனைப்புக் கனைத்து உறுமியது. மூவரும் அதைக் கேட்டார்கள்.

"அப்பா," என்றாள் யஸ்னா. "நிகோலா இருக்காரா?"

"அதோ இருக்காரே. உனக்குக் கண் தெரியலையா?"

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன் யஸ்னா தன் ஃபோனில் இருந்த தெர்மோஸ்டாட் செயலியைத் தோப்ரிலாவின் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்தாள். பிறகு ஜன்னலோரம் போய் நின்று யாரையோ அழைத்து ஜெர்மனில் பேசினாள். அந்த இடம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அப்பா தெளிவாகத்தான் இருக்கிறார், நாங்கள்தான் கேட்கவில்லை. தோப்ரிலாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. முக்காலியை இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் புறங்கையை நுழைத்தாள்.

"என்ன சிஸ்டர், இருக்கேனா போயிட்டேனா?"

"சூடாத்தான் இருக்கு. நகம்தான் பருந்து மாதிரி வளர்ந்திருக்கு. காலை நீட்டுங்க."