மாங்கா எறி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரைப் புல்வெளி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடையது. பல்கலைக்கழகத்து இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவோம். நான் விக்கெட் கீப்பர். என் அறை நண்பன் எல்லைக்கோட்டில் போய் நின்றுகொள்வான். மதுரைக்காரன், வேதியியல் ஆராய்ச்சி செய்ய வந்தவன். என்ன கெஞ்சினாலும் பந்து மட்டும் போட மாட்டான்.

காரணம் எனக்குத் தெரியும். ஊரில் கல்லூரி அணிக்கு அவன்தான் வேகப்பந்து வீச்சாளன். ஒரு பெரிய ஆட்டத்தில், பந்து போடும்போது முழங்கை மடங்குகிறது என்று அம்பயர் நோ-பால் மேல் நோ-பால் கொடுத்துவிட்டார். அப்படிக் கையை மடக்கி எறிவதற்கு எங்கள் பக்கத்தில் 'மாங்கா' என்று பெயர். கல் விட்டு மாங்காய் அடிக்கிற மாதிரி எறிகிறானாம். அன்றைக்கு மைதானமே 'மாங்கா, மாங்கா' என்று கத்தியது. பந்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தவன், பிறகு பந்து போடவே இல்லை. அந்தச் சொல்லை அவன் காதில் விழும்படி யாரும் சொல்லக் கூடாது. விடுதிச் சமையலறையில் ஊறுகாய் பாட்டிலைக்கூட நான் "அதை எடுடா" என்றுதான் கேட்பேன்.

ஒரு ஞாயிறன்று, எல்லையிலிருந்து அவன் எறிந்த பந்து தரையைத் தொடாமல் நேராக என் கைக்கு வந்து சேர்ந்தது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பேக்கரிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். போர் முடிந்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் சூயிங் கம்மோடு பேஸ்பாலையும் வாங்கிக்கொண்ட தலைமுறை அவர். இப்போது ஊரின் பேஸ்பால் குழுவை நடத்துகிறவரும் அவரே. நாயை மரத்தில் கட்டிவிட்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். அடுத்த வாரம் எங்கள் இருவரையும் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பேஸ்பாலில் பந்தை எறிகிறவன் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவன் கேட்சர். மட்டைக்காரன் மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட். இவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நண்பன் பழக்கதோஷத்தில் மரத்தடியிலிருந்து ஓடிவந்து, கையை நீட்டிச் சுழற்றி, அருமையாக ஒரு குத்துப்பந்து போட்டான். பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓடக் கூடாது, தரையில் குத்தக் கூடாது, நின்ற இடத்திலிருந்து கையை மடக்கி எறி என்றார். கையை மடக்கியா? நண்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. எறிந்துவிட்டு, நோ-பால் என்று யாராவது கை நீட்டுகிறார்களா என்று திருட்டுமுழி முழித்தான். யாரும் நீட்டவில்லை. "வுண்டர்பார்!" என்று பேக்கரிக்காரர் குதித்தார். அன்று அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் விசிலடித்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

முதல் வருஷம் இரண்டாம் அணி. பள்ளிப் பையன்களும் தொப்பை போட்ட ட்ராம் ஓட்டுநர்களும் ஆடுகிற அணி அது. மறு வருஷம் முதல் அணிக்கு உயர்த்தினார்கள். அவன் போன இடத்துக்கெல்லாம் நானும் போனேன். எந்தப் பந்து எறிய வேண்டும் என்று கேட்சர் விரல் காட்டிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த விரல் வித்தை கடைசிவரை பிடிபடவில்லை. எதற்கு வீண் வேலை என்று தமிழிலேயே கத்துவேன். "மெதுவா!" "வெளியே!" "வளைச்சு விடு, மாப்ளே!" ஜெர்மன்காரர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. அந்தத் திமிர் எங்கள் இருவருக்கும் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் வருஷம் கோடையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் எங்கள் ஆட்டமொன்றைப் பார்க்க வந்தார்கள். இலையுதிர் காலத்தில் நண்பனின் உதவித்தொகை முடிகிறது, ஊருக்குப் போயாக வேண்டும். "ஒரு தடவையாவது என்னை எவனாவது செலக்ட் பண்ணணும்டா. கத்தி வெளியே துரத்தினவனுங்க மூஞ்சியைத்தான் இத்தனை நாள் நினைச்சிட்டிருக்கேன்" என்று காலையில் பல் துலக்கும்போது சொன்னான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாதி ஆட்டத்துக்கு மேல் எதிரணிக்கு ஜோசியம் பலிக்க ஆரம்பித்தது. நான் மெதுவா என்றால் மட்டைக்காரன் காத்திருந்து அடித்தான். வெளியே என்றால் காலை நகர்த்தி வைத்து அடித்தான். மூன்று ஓட்டம் முன்னால் இருந்த நாங்கள் ஒரே ஒரு ஓட்ட முன்னிலைக்கு வந்துவிட்டோம். எறிகிற இடத்தில் நண்பனின் தோள் தொங்கிப்போனதைப் பார்த்தேன்.

தெறித்துப்போன ஒரு பந்தைப் பொறுக்க எதிரணி பெஞ்சுப் பக்கம் போனேன். அங்கே வெள்ளைத் தாடியோடு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எதிரணிப் பயிற்சியாளரின் தகப்பனார். என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர, "தம்பி, சுகமாயிருக்கிறீரா? தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்றார்.

தமிழில்!

தரங்கம்பாடியில் பிறந்தாராம். தகப்பனார் அங்கே பாதிரியாராம். சிறு வயதில் விட்டு வந்த பாஷையை இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதும் சந்தோஷம் தாங்காமல், நான் கத்துவதை ஒன்று விடாமல் மகனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு களவு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை, பாவம். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

கடைசி மட்டைக்காரன் நின்றான். இரண்டு பந்தைத் தவறவிட்டிருந்தான். இன்னும் ஒன்று தவறினால் ஆட்டம் எங்களுக்கு. அடித்தால் போச்சு. ஓட்டம் எடுக்கத் தயாராக இரண்டு பேஸ்களில் எதிரணி ஆள் நின்றது. விரல் வித்தை தெரியாது. இருக்கிற தமிழ் முழுவதும் பெரியவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத தமிழ் எது என்று யோசித்தேன். ஒன்றுதான் இருந்தது.

நண்பன் இத்தனை வருஷமும் முழுக் கையையும் விட்டு எறிந்ததில்லை. அந்தப் பழைய முழங்கை வெட்டு வந்துவிடுமோ என்று எப்போதும் கொஞ்சம் பிடித்தே வைத்திருப்பான். ஒரே ஒருமுறை, பயிற்சியில் ஏதோ கோபத்தில் விட்டான். நான் பிடிக்க முடியாமல் நெஞ்சில் வாங்கினேன். அந்தப் பந்துதான் இப்போது வேண்டும். சொன்னால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவான், அதுவும் தெரியும்.

"டேய்! மாங்கா!" என்று கத்தினேன். "மாங்கா போடுடா!"

அவன் முகம் கறுத்தது. என்னை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. பெஞ்சில் பெரியவர் எழுந்து நின்று, மாங்கோ, பழுக்காத மாங்கோ என்று ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மட்டைக்காரன் திரும்பி அவரைப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் மறுபடி முன்னால் திரும்பினான். அதற்குள் பந்து என் கையுறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் மட்டையைத் தூக்கியதோடு சரி. என் உள்ளங்கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

எல்லோரும் ஓடிவந்து அவனைத் தூக்கப் பார்த்தார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று முகமூடியைக் கழற்றாமலே நின்றேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

"மாங்கா" என்றேன், மெதுவாக. சிரித்துவிட்டான்.

அவனை மாநில அணிக்கு எடுத்தார்கள். அவன் முதல் ஆட்டத்துக்குப் பேக்கரியைப் பூட்டிவிட்டுக் குழுவே கிளம்பிப் போனது. நானும் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவன் பந்தோடு நடந்து வந்ததும் பேக்கரிக்காரர் எழுந்து, அன்று என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லைத் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு அவர் மனைவி, ட்ராம் ஓட்டுநர்கள், பள்ளிப் பையன்கள், தரங்கம்பாடிப் பெரியவர்கூட. மைதானமே 'மாங்கா, மாங்கா' என்று கத்தியது. நண்பன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நின்றான். உடம்புக்கு ஏதாவதா என்று அம்பயர் கேட்கப் போனார். அதன் பிறகுதான் எறிந்தான்.