பெண் கேட்ட இடத்தில் இலங்கை

என் மகனுக்கு முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் பெண் கிடைக்காமல் நிற்கும் பையன்கள் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெண் வீட்டார் தோட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள், ஆனால் தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்பார்கள். என் மகனிடம் தோட்டமும் இல்லை. போத்தனூரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு லேத் வைத்து, மோட்டார் பம்புக்குச் சாமான் கடைந்து கொடுக்கிறான். எட்டு வருடமாகத் தரகர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனதுதான் மிச்சம். அதனால், வெள்ளகோவிலிலிருந்து ஒரு இடம் தானாக வந்து, வீடு பார்க்க வருகிறோம் என்று சொன்னபோது நான் அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெண்ணுக்கு அப்பா இல்லை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். அம்மா வெள்ளகோவிலில். நல்லது கெட்டது எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் பெரியப்பா. அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி.

என் வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன். அவர் மில்லில் இருந்தவர். மில் மூடுகிற வரைக்கும் சங்கத்தில் செயலாளர். மூடிய பிறகும் செயலாளர்தான், வீட்டுக்குள்.

"ஏனுங்க, நாளைக்கு வாரவங்ககிட்ட மழை தண்ணியப் பத்திப் பேசுங்க. கட்சி கிட்சின்னு ஆரம்பிச்சுப் போடாதீங்க."

"ஏன், எனக்குப் பேசத் தெரியாதா?"

"தெரியறதுனாலதானுங்க சொல்றேன்."

டிவி ரிமோட்டை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். பேப்பரை மறந்துவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான். பெரியப்பா பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நான் சுட்டு வைத்த வெல்லக் கச்சாயம் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே பேப்பரைத் திருப்பினார். இலங்கையில் சனங்கள் பெட்ரோலுக்கும் பால்பவுடருக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. படம் பெரிதாகப் போட்டிருந்தது.

"பாருங்க," என்றார் பெரியப்பா. "நாள்கணக்கா நிக்கறாங்களாமா. சோசலிசம்னு போனா கடைசில இப்படித்தானுங்க வந்து நிக்கும்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த கச்சாயத்தைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அங்க எங்கீங்க சோசலிசம் இருந்துச்சு?"

"நாட்டுப் பேருலயே இருக்குதுங்களே."

"எங்க வீதி மொனையில ஒரு கடைக்கு அரண்மனை பேக்கரின்னு பேருங்க. ராசாவுங்களா அங்க பன்னு சுடறாரு?"

பெரியப்பா சிரித்தார். சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் சிரித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப எதுனாலீங்க முழுகுச்சு?"

"பணக்காரனுக்கு வரியக் கொறைச்சாங்க. கடன வாங்கித் துறைமுகம் கட்டுனாங்க. இதெல்லாம் உங்க ஆளுக செய்யற வேலைங்க."

"ஒரு நா விடிஞ்சு பாத்தா உரம் போடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சுங்களே, அது ஆரு வேலைங்க? காட்டுல எதப் போடோணும்னு ஆபீஸ்ல உக்காந்து சொல்றது உங்க ஆளுக வேலைதானுங்களே?"

வெளியூர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால், இரண்டு பெரிய மனிதர்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருவர் குரலும் உயரவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கோபம் எனக்குத் தெரியும். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"அங்க பனியன் கம்பெனியெல்லாம் படுத்துதுன்னா உங்களுக்கு ஆர்டர் கூட வந்திருக்குமுங்களே?" என்றார் இவர்.

"வந்துச்சுங்க. வந்தத வேண்டாம்னு சொல்லிப் போட்டு நானும் போய் அவங்ககூட வரிசையில நிக்கோணுமுங்களா?" பெரியப்பா காபியை ஒரு வாய் குடித்தார். "அது கெடக்கட்டுங்க. உங்க மில்லு இப்ப எப்படீங்க ஓடுது?"

என் வீட்டுக்காரர் பேப்பரை நாலாக மடித்தார். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அது அவருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் பெண்ணும் பையனும் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் விரலில் கிரீஸ் ஒட்டியிருந்தது. என் மகன் கழிவுத்துணி கொடுத்திருக்கிறான், அவள் துடைத்தும் போகவில்லை, இரண்டு பேரும் அதற்குச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. வாசற்படியில் நின்று அந்தப் பெண் பெரியவர்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சிரிப்பில்லாமல் உள்ளே வந்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய?

கிளம்பும்போது பெரியப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுங்க, அடிக்கடி பேசிக்குவோமுங்க," என்றார். கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பெரியப்பாவிடமிருந்து என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. தினமும் முக்கால் மணி நேரம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். இவ்வளவு பேசுகிறார்களே, மண்டபம் வரைக்கும் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"தேதி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"என்ன தேதி? டாலர் தீந்துபோன கதையப் பேசிட்டு இருக்கறோம்."

"பொண்ணு விசயம்?"

"அதா? சாதகம் பொருந்துதாமா. பூக் கேக்கோணுமாமா." சொல்லிவிட்டு பேப்பரைத் தேடப் போய்விட்டார். பத்து நாள் பேச்சில் என் மகனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

பூக் கேட்பது எங்கள் வழக்கம். சாமி முன்னால் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமும் ஒரே மாதிரிக் கட்டிப் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் சரி, எது வந்தால் வேண்டாம் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பூதான் சாமி வாக்கு.

பெண் வீட்டாரின் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நாற்பது வருடம் இருக்கும். எங்கள் கல்யாணத்துக்கே மாலையை மட்டும் போட்டுக்கொண்டு, திருநீறு வேண்டாம் என்றவர். அன்றைக்கு மகனுக்காக வந்தார் என்று நினைத்தேன். பேசுவதற்கு ஆள் அங்கே இருந்தார், அதற்காக வந்தார்.

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை சோசலிசமா இல்லையா என்று பேச்சு. பூசாரி பொட்டலம் கட்டிவிட்டு வந்து கேட்டார், "பெரியவங்களே, எது சரி, எது வேண்டாமுங்க? முடிவு பண்ணிக்கிட்டீங்களா?"

இரண்டு பேரும், "ஆச்சுங்க, ஆச்சுங்க," என்று கையை ஆட்டினார்கள். பேச்சு நிற்கவில்லை. என்ன ஆனது என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆம்பளைகள் பேசிவிட்டார்கள் என்று சும்மா நின்றேன். அந்தத் தப்பு என்னுடையது.

சாமி கும்பிட வந்திருந்த யாரோ ஒருவருடைய சின்னப் பெண் குழந்தை, பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"அடடா," என்றார் பெரியப்பா. "வேண்டாமுன்னு வந்திருச்சுங்களே."

"எதுக்குங்க வேண்டாம்?" என்றார் என் வீட்டுக்காரர். "செகப்பு வந்தா வேண்டாம்னு ஆரு சொன்னது?"

"வெள்ளைதானுங்களே எப்பவும் சரி."

"எப்பவும்னா? ஆரு வெச்ச சட்டமுங்க அது? அம்மனுக்கு உடுத்தியிருக்கறது என்ன நெறமுங்க? நெத்தியில வெச்சிருக்கறது என்ன நெறமுங்க?"

நாற்பது வருடமாகச் சாமி இல்லை என்று சொன்ன மனிதர் அன்றைக்கு அம்மனுக்கு வக்கீலாக நின்றார். பெரியப்பாவும் விடவில்லை. செகப்பை நம்பிப் போன நாடெல்லாம் எப்படிப் போச்சு என்று அங்கேயே எண்ணிக் காட்ட ஆரம்பித்தார். பின்னால் மொட்டையடிக்கக் குழந்தையோடு ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. பூசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாமி பதில் சொல்லிருச்சுங்க. கேள்வி என்னன்னு நீங்கதான் சொல்லல. ஒரு மாசம் கழிச்சு வாங்க, ஒரே விசயத்தை ஒடனே திருப்பிக் கேக்கக்கூடாது," என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் மகன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றான். அந்தப் பெண் தூரத்தில் நின்று அவனையே பார்த்தாள். எனக்கு இரண்டு பெரிய மனிதர்களையும் அந்த இடத்திலேயே ஏதாவது கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. சபையில் பேசிப் பழக்கமில்லாததால் விழுங்கிக்கொண்டேன்.

"சொல்லி அனுப்பறோமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் காலை ஏழு மணிப் போன் மட்டும் நிற்கவில்லை. பெண் தர மாட்டாராம், பேச மட்டும் வேண்டுமாம்.

மூன்றாவது வாரம் நான் யாரிடமும் சொல்லாமல் சிங்காநல்லூர் போய் பஸ் ஏறினேன். போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஒரு பஸ் போய்விட்டது, அடுத்ததில் ஏறினேன். வெள்ளகோவிலில் இறங்கி விசாரித்துக்கொண்டு போய் நின்றதும் பெண்ணின் அம்மா பதறிப்போனாள்.

"வாங்கக்கா, வாங்க, தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான் அம்மணி. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். எம் பையனை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப் போடு. நான் வேற எடம் பாக்கறேன். பூவு மேல பழியப் போட வேண்டாம்."

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பையனைப் புடிச்சிருக்குதுங்கக்கா. அவளே சொன்னா. ஆனா..."

"சொல்லு."

"'இங்க பெரியப்பா, அங்க மாமனாரு. காத்தால எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் இதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கோணும். எனக்குச் சத்தமில்லாத ஊடு வேணும்மா'ங்கறாளுங்க. நான் என்னங்கக்கா பண்ணட்டும்?"

சுருக்கென்றது. நான் கட்டிக் காத்த வீட்டை, நேற்று வந்து ஒரு கச்சாயம் தின்றுவிட்டுப் போன பெண் வேண்டாம் என்கிறாளே என்று ரோசம் வந்தது. பஸ்ஸில் காங்கயம் வரும்வரை அந்த ரோசத்தோடுதான் வந்தேன். பல்லடம் தாண்டியபோது யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் எந்தக் காலையில் சத்தமில்லாமல் ஒரு டம்ளர் காபி குடித்திருக்கிறேன்? ரஷ்யா உடைந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை நான் நாற்பது வருடம் பொறுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, அவரை உட்கார வைத்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இப்போதாவது மனிதருக்கு உறைக்கும் என்று முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் புள்ளைக்கு எதுல மாத்துக் கருத்து? வரி விசயத்துலயா, உர விசயத்துலயா?"

நான் எழுந்து பட்டறைக்குப் போனேன். இவரைத் திருத்துவது என் காலத்தில் நடக்காது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் முழுசாகத் தெரிந்தது. மகன் லேத்தை நிறுத்தினான்.

"கண்ணு, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வாடகை ஊடு பாரு. கல்யாணம் ஆனா நீங்க ரெண்டு பேரும் அங்க இருங்க. நீ காத்தால பட்டறைக்கு வந்துட்டுப் போ."

"மாடியில எனக்குன்னுதானம்மா ரூம் கட்டுனீங்க? நீங்க இங்க தனியா..."

"தனியா எங்க? இலங்கையே இங்கதான இருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்குப் போய், இரண்டு வருடமாக யாரும் படுக்காத அந்த ரூமைப் பெருக்கிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். ஒரே மகன். நகரத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். இதை நானே என் வாயால் சொல்லுவேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு வெள்ளகோவிலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா அழுதாள்.

மறு மாதம் பூக் கேட்டபோது, ஆம்பளைகள் இரண்டு பேரையும் காரை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் அதில் வருத்தமில்லை, ஏசி போட்டுக்கொண்டு பேசினார்கள். நானும் பெண்ணின் அம்மாவும் பூசாரி முன்னால் நின்று, வெள்ளைதான் சரி என்று அவர் காதில் விழும்படி மூன்று தடவை சொன்னோம். வெள்ளை வந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பெரியப்பா இப்போது சம்பந்தி. முறையோடு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்து மணிக்குக் கார் நிற்கும். இலங்கை பழசாகிவிட்டது, வேறொரு நாட்டைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே ரொட்டிக்கு மூட்டையில் பணம் கொண்டுபோகிறார்களாம். எந்த நாடு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்பது மணிக்கே சரவணம்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.

போன வாரம் மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, டிவி போடட்டுங்களா?" என்றாள். வேண்டாம் கண்ணு என்றேன். அப்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"ஏம்புள்ள, சக்கரை எங்க வெச்சிருக்கே? சம்பந்தியும் நானும் அரை மணி நேரமாத் தேடறோம்."

"ரெண்டு பேரும் சேந்து தேடுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் குடித்தேன்.