எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

கழிவறைகளைக் கழுவி முடித்த கையோடு மெர்வ் சமையல் கொட்டகைக்குப் போய், பலகையில் மங்கிக் கிடக்கும் வைஃபை பாஸ்வேர்டைச் சாக்பீஸால் அழுத்தி எழுதுவார். தென் ஆஸ்திரேலியாவில் சேடுனா ஊரைத் தாண்டி, கடலோரத்தில் அவர் பார்த்துக்கொள்ளும் கேரவன் பார்க் அது; வண்டிவீட்டை நிறுத்தித் தங்க இடமும் உண்டு, வாடகைக்கு அறைகளும் உண்டு. டவர் எட்டாத இடம். போன் பேசக்கூட வைஃபை ஒன்றுதான் வழி. பல வருடமாக ஒரே பாஸ்வேர்டு. குளிர்காலத்தைக் கழிக்க வரும் கிழடுகள் வண்டியை நிறுத்தும்போதே போன் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

மெர்வ் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிற ஆள். ஆனால் வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கிட்டே போகமாட்டார். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

இந்த வருடம் கடைசி அறைக்கு ஜனெல் வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு, கூடவே சின்ன மகள் மில்லி. புருஷன் டேரன் கூட வரவில்லை.

"மெர்வ், அந்தப் பாஸ்வேர்ட மாத்துங்க. போன குளிருக்கு டேரனும்தான இங்க தங்குனான்? அவன் போன்ல அது இருக்கு. வேலிக்கு வெளிய வண்டிய நிறுத்துனாலே போதும், உள்ள யார் யார் போன் இருக்குன்னு பேரோட பாத்துருவான். பாப்பா டேப்லெட்டுக்குப் பேரே மில்லிதான்."

"கொஞ்ச நாளைக்கு நெட்ட தொடாம இரேம்மா."

"அப்புறம் போலீச எதுல கூப்பிடுவேன்?"

மெர்வுக்கு மற்றது விளங்கவில்லை. மாவுக்கட்டு விளங்கியது. வைஃபை கம்பெனிக்காரனைப் போனில் பிடித்தார். அவன் சொல்லச் சொல்ல, வியர்த்துக்கொண்டே ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு போட்டார். ஒருவர் போன் இன்னொருவர் கண்ணில் படாதபடியும் செய்தார். "ஆனா யாராவது தன் பாஸ்வேர்ட வெளிய சொன்னா நான் பொறுப்பில்ல, பெரியவரே" என்றான் அவன்.

கிழடுகள் விடவில்லை. "யோவ் மெர்வ், என் பேத்தி போட்டோவ எந்த நாட்டு உளவாளிய்யா திருடப் போறான்?"

மெர்வ் சிரிக்கவில்லை. வேலியோரம் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு வெள்ளை யூட் வண்டி வந்து நின்றது. டேரன். போன குளிரில் மெர்வுக்கு மீன் வெட்டிக் கொடுத்தபோது இருந்த அதே சிரிப்பு.

"என்ன மாமு, நல்லாருக்கியா? பழைய பாஸ்வேர்டு ஏற மாட்டேங்குதே!"

"நெட்டு போச்சுப்பா."

"போச்சா? பெட்டி பேரு இங்க காட்டுதே." போனைத் திருப்பிக் காட்டினான். கண் மட்டும் ஒவ்வொரு அறையாகப் போனது.

பக்கத்துக் குழாயில் வாளி பிடித்துக்கொண்டிருந்த பெரில் கிழவி நிமிர்ந்தாள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"பாவம், தூரத்துலருந்து வந்துருக்கான். என்னோடத எழுதிக்க கண்ணு—"

மெர்வ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வாளி கவிழ்ந்து இருவர் காலும் நனைந்தது. பிடித்த கையை விடாமலே, மறுகையால் சங்கிலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்து மாட்டினார்.