எறும்புக் கிண்ணம்

தொண்ணூறுகளில் நான் ஒரு காய்ச்சல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். வீடு குரோம்பேட்டையில். பொழிச்சலூரிலிருந்து பீர்க்கன்கரணை வரை காய்ச்சல் கண்டவர்களின் ரத்தம் ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். அதில் டெங்கு இருக்கிறதா, இருந்தால் நான்கு வகைகளில் எது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. வகைக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு குண்டூசி.

அதன் முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தெருத் தெருவாக நடந்து போவது அதில் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், சாக்கடை தேங்கிய ஏரிக்கரையில் ஊசிகள் குறைவு. தினமும் பெருக்கித் துடைத்த எங்கள் காலனிகளில்தான் அதிகம். நாங்களோ சாக்கடையைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆய்வகத்துக்குக் கொசு பிடித்து வரும் அண்ணன் பம்மல்காரர், கேட்டுவிட்டுச் சிரிப்பார். "இது சாக்கட கொசு இல்ல மேடம். நல்ல தண்ணி கொசு. வூட்டுக்குள்ளாறதான் கீது."

ஒரு மழைக்காலத்தில் என் மகளுக்கும் டெங்கு வந்தது. சாதாரணமாக வந்து போனது. சிவப்பு வகை. வரைபடத்தில் எங்கள் வீட்டின்மேல் ஒரு சிவப்பு ஊசி குத்தினேன்.

மறுவருடம் வரைபடத்தில் நீலம் வந்தது. ஒருமுறை வந்த வகை மறுபடி வராது. ஆனால் இரண்டாவதாக வேறு வகை வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நீலம் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டியது, ரயில்வே கேட்டைத் தாண்டியது, பக்கத்துத் தெருவில் நின்றது. எட்டு வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு அதை நான் தினமும் பார்த்தேன்.

கொசுக்கார அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். லாரித் தண்ணீர் டிரம்மைப் பார்த்தார், இறுக்கமாக மூடியிருந்தது. தொட்டி பளிச்சென்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான், காலனிக் கூட்டத்தில் இதைப் பற்றி வாய் கிழியப் பேசியவள் ஆயிற்றே. அவர் சமையலறையில் குந்தி டார்ச் அடித்தார். எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும்போல. வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர் மாற்றுவதாகச் சொன்னேன். கோடையில் காயவைத்துப் பரணில் போட்டு, மழைக்கு எறும்பு வந்ததும் எடுத்ததையும் சொன்னேன்.

அவர் கிண்ணத்தின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மிளகுத்தூள்போல் முட்டைகள். "ஊத்திட்டா போவாது மேடம். தேய்க்கணும்."

தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. கோடை முழுக்கப் பரணில் காய்ந்து கிடந்த முட்டைகள், தண்ணீர் பட்டதும் பொரிந்துவிட்டன. புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் அவமானத்தையும் மீறி, இத்தனை மாதமும் பொறுத்திருந்ததே என்று மலைத்துப்போனேன். நான்கு கிண்ணங்களையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். ஏற்கெனவே பறந்துபோனவற்றை என்ன செய்வது?

மறுவாரமே குழந்தைக்குக் காய்ச்சல். நானேதான் ரத்தம் எடுத்தேன். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் கட்டை விரல் நகத்தை அழுத்தி அழுத்தி, ரத்தம் ஓடி நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டு அக்கா பகலெல்லாம் எங்கள் சமையலறையில் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் மகள் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சிப்ஸ் கேட்டாள். நான் அழுதேன்.

ஆய்வகத்தில் அவளுடைய சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீல வகைக்கான ஒளிரும் சாயம் ஏறி, கிருமி புகுந்த செல்கள் இருட்டில் நட்சத்திரங்களாக மினுங்கின. அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் நீல ஊசியைக் குத்தினேன்.

சில மாதம் கழித்து வெளியூர் ஆய்வகம் ஒன்று எங்கள் சாம்பிள்களில் சிலவற்றைப் படித்து ஒரு தாள் அனுப்பியது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வரி, நீளமாக அதன் மரபணு எழுத்துகள். தெற்கே போகப் போக, இங்கே ஓர் எழுத்து அங்கே ஓர் எழுத்து என்று மாறிக்கொண்டே போயிருந்தது. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையிலேயே வித்தியாசம். பெயர் கிடையாது, எண்ணும் ஊரும் மட்டும். என் மகளின் எண்ணைக் கண்டுபிடித்தேன். அடுத்த வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். எதிர்வீட்டு அக்கா. குழந்தை தேறி வந்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து நடமாட ஒரு மாதமாயிற்று. பாவம், கண் பட்டுவிட்டது என்று நானே ஆறுதல் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், கிண்ணத்தையும் சேர்த்து. உங்களுக்கு வந்தது, கஞ்சி வைக்க வந்தபோது எங்கள் சமையலறையில் கடித்த கொசுவால்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு வரிகளின்மேலும் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கடைசிவரை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுகூட மாறல," என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், அலமாரிக் காலடியிலிருந்து தன் கிண்ணங்களை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "எப்படித் தேய்க்கணும்னு காட்டு."